டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? பிரஷ் கட்டர் வாங்குவதற்கு முன்...

கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு, ஓரத்தில் தீவனப்புல், கட்டுத்தரையில் இரண்டு மாடு. கணவர் கோவையில் மில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வீடு திரும்புவார். தோப்பில் புல் இடுப்பளவு ஏறிவிட்டது. விழுந்த தேங்காயைத் தேடி எடுக்க முடியவில்லை, பாம்பு பயம் வேறு. களைவெட்ட ஆள் கேட்டால் 'அடுத்த வாரம் வர்றேனுங்க' என்கிறார்களாம். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை. கடைக்குப் போனால் இரண்டு பிரஷ் கட்டரைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று டூ ஸ்ட்ரோக், 11,000 ரூபாய். இன்னொன்று ஃபோர் ஸ்ட்ரோக், 28,000 ரூபாய். "ரெண்டும் புல்லைத்தானுங்க வெட்டுது. எதுக்கு 17,000 ரூபா கூடப் போடோணும்?" என்று கேட்கிறார்.

கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால், அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் இதையே வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள். தவறான மெஷினை வாங்கி, ஒரே பருவத்தில் எஞ்சினைப் பறிகொடுத்து, அதை மோட்டார் ரூம் மூலையில் சாத்தி வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பட்டியலில் என் வீடும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோப்புக்கு நான் வாங்கியது டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பங்காளி ஒருத்தர் வரப்பு வெட்ட வேண்டும் என்று இரவல் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கயிற்றை இழுத்தால் அசையவில்லை. "ஏனுங்க, பெட்ரோல்தானுங்க ஊத்துனேன், தண்ணியவா ஊத்துனேன்?" என்றார். பங்கில் வாங்கிய பெட்ரோலை அப்படியே டேங்கில் ஊற்றியிருக்கிறார். ஆயில் கலக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார். பிஸ்டன் பக்கவாட்டில் நகத்தால் பிராண்டியதுபோல் கோடு கோடாக இருந்தது. பங்காளி மேல் தப்பில்லை. அவர் வீட்டில் ஓடுவது டிவிஎஸ் எக்ஸ்எல் 100. அதற்கு வெறும் பெட்ரோல் போதும். ஆயில் கலக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதது நான்தான். வேளாண் பட்டம் வாங்கி என்ன பிரயோசனம்!

அந்தக் காலத்து டிவிஎஸ் 50

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஓசூரில் 1980-ல் வெளிவந்த டிவிஎஸ் 50 ஞாபகம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர் ஊராகப் போனது அதில்தான். பங்கில் பெட்ரோல் போட்டதும், பக்கத்தில் இருக்கும் சின்னக் கைப்பம்பை அழுத்தி 'டூ-டி ஆயில்' விடுவார்கள். பிறகு வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்குவோம். பின்னால் நீலப் புகை கிளம்பும். அது டூ ஸ்ட்ரோக். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100, ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் தனி, ஆயில் தனி. இன்றைக்கு ரோட்டில் ஓடும் பெட்ரோல் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டன. பங்கில் அந்தக் கைப்பம்பும் காணாமல் போய்விட்டது. 30 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கும் பழக்கமே தெரியாது. ரோட்டை விட்டுப் போன டூ ஸ்ட்ரோக் நம் காட்டுக்குள் பிரஷ் கட்டராக, பவர் ஸ்பிரேயராக, மரம் அறுக்கும் செயின் சாவாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எஞ்சினுக்குள் நடப்பது இதுதான். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒரு தடவை பெட்ரோல் வெடித்து விசை கிடைக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டுமுறை ஏறி இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. அதனால், ஒரே சி.சி. அளவில் டூ ஸ்ட்ரோக்குக்கு இழுவை அதிகம், எடை குறைவு, பாகங்களும் குறைவு. வால்வு கிடையாது, ஆயில் தொட்டி கிடையாது. உள்ளே வரும் பெட்ரோல் முதலில் கிராங்க் அறை வழியாகப் போகிறது. அதில் கலந்திருக்கும் ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயவு. பெட்ரோலில் ஆயில் இல்லையென்றால் எஞ்சினுக்கு வேறு எந்த வழியிலும் ஆயில் கிடைக்காது.

இந்த அமைப்பில் இன்னொரு குறையும் உண்டு. புகை வெளியே போகும் வழியும் புதுப் பெட்ரோல் உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதனால் நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலில் கால் பங்கு வரைகூட எரியாமலே சைலன்ஸர் வழியாகப் போய்விடும். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வெட்டினால் சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை அடிப்பது இதனால்தான்.

தப்பு நடந்தால் எது பிழைக்கும்?

கடையில் விலையைச் சொல்வார்கள், ஹெச்.பி.யைச் சொல்வார்கள். நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. உங்கள் வீட்டில் அந்த மெஷினை எத்தனை பேர் தொடுவார்கள்?

டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் போய்விடும். சில நிமிடங்களில் சத்தம் மெலிந்து கீச்சென்று மாறும், இழுவை குறையும், நின்றுவிடும். அதன் பிறகு பிஸ்டன், சிலிண்டர் செலவு. மலிவான மெஷினாக இருந்தால் அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக்கே சொல்லிவிடுவார். தலைகீழாக, ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிவிட்டால்? புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். டேங்கைக் காலி செய்து, பிளக்கைத் துடைத்து, நல்ல பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் பழையபடி ஓடும்.

அதற்காக ஃபோர் ஸ்ட்ரோக் சாகாவரம் வாங்கியது என்று எண்ண வேண்டாம். அதன் ஆயில் அறை மிகச் சிறியது. பிரஷ் கட்டர்களில் அதிகம் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சினில் ஆயில் கொள்ளளவே 100 மி.லி.தான். ஒரு டம்ளர்கூட இல்லை. அதில் 30 மி.லி. குறைந்தாலும் பெரிய குறைவு. தினமும் கயிறு இழுப்பதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புது மெஷினில் முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். இன்னொன்று, இந்த வகை எஞ்சின்கள் பெரும்பாலும் ஆயில் ஊற்றாமலேதான் பெட்டியில் வரும். கடைக்காரர் ஊற்றிவிட்டிருப்பார் என்று நம்பி, வீட்டுக்கு வந்ததும் கயிற்றை இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். மெஷின் ஒருவர் கையில் மட்டும் இருக்கும், அவர் கவனமானவர், ஆயில் கலந்த கேனைத் தனியாக வைத்திருப்பார் என்றால் டூ ஸ்ட்ரோக் ஒன்றும் மோசமில்லை. மச்சான், பங்காளி, பக்கத்துத் தோட்டத்து ஆள் என்று நான்கு பேர் கைமாறும் மெஷின் என்றால், விலை கூடினாலும் ஃபோர் ஸ்ட்ரோக்தான் நல்லது. இரவல் கேட்டால் இல்லை என்று சொல்கிற பழக்கம் நம் ஊரில் கிடையாதே!

ஓடும் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இனி 17,000 ரூபாய் கேள்விக்கு வருவோம். எளிய கணக்குக்காக, டூ ஸ்ட்ரோக் மெஷின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக் 700 மி.லி. குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டூ-டி ஆயில் லிட்டர் 350 ரூபாய், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. ஆயில். அப்படியானால், ஃபோர் ஸ்ட்ரோக்கில் மணிக்கு 30 ரூபாய் பெட்ரோலிலும் 14 ரூபாய் ஆயிலிலும் மிச்சமாகிறது. மொத்தம் 44 ரூபாய்.

வருடத்துக்கு 30 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 1,320 ரூபாய். விலை வித்தியாசத்தை எடுக்க ஏறக்குறைய 13 வருடம் ஆகும். அதற்குள் மெஷினே இருக்காது. வாடகைக்கு ஓட்டி, வருடம் 200 மணி நேரம் வேலை வாங்குகிறவருக்கு மிச்சம் 8,800 ரூபாய். இரண்டு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். உங்கள் மெஷின் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டுமா? டேங்கை நிரப்பி ஒரு மணி நேரம் வெட்டிவிட்டு, மறுபடி நிரம்ப எத்தனை மி.லி. ஆகிறது என்று அளந்து பாருங்கள். பூச்சிமருந்து அளக்கும் குவளை வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சி.சி.யை மட்டும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். 'அது 52 சி.சி., இது வெறும் 35 சி.சி.' என்று கடையில் சொல்வார்கள். அருகு, கோரை, பார்த்தீனியம் இதற்கெல்லாம் 35 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் தாராளமாகப் போதும். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலக் கன்றுமாக மண்டிக் கிடக்கும் காட்டைத் திருத்துகிறவருக்குத்தான் பெரிய எஞ்சினும் இரும்பு பிளேடும் வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் ஜெயிக்கும் இடம்

மரம் அறுக்கும் செயின் சா என்றால் யோசிக்கவே வேண்டாம், டூ ஸ்ட்ரோக்தான். அதை நேராகவும், படுக்கவைத்தும், சில நேரம் தலைகீழாகவும் பிடிக்க வேண்டியிருக்கும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே போவதால் எப்படிச் சாய்த்தாலும் உயவு நிற்காது. முதுகில் மாட்டும் விசைத் தெளிப்பானிலும் டூ ஸ்ட்ரோக்கே அதிகம். எடை முக்கியம் என்பதால். தரையில் வைத்து ஓட்டும் சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை அதிகம் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும். ஜிஎக்ஸ்35 போன்ற, கையில் பிடிக்கும் மெஷினுக்கென்றே செய்த எஞ்சின்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஓடும். ஆனைக்கட்டி, வால்பாறைச் சரிவுகளில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடலோரத்து மீனவர்களும் இதே கேள்வியோடுதான் படகு மோட்டார் வாங்குகிறார்கள். நம் பவானிசாகர் அணையில் பரிசலும் துடுப்பும்தான். கடலில் படகின் பின்னால் மாட்டும் மோட்டார் வேண்டும். அங்கேயும் டூ ஸ்ட்ரோக் என்றால் எடை குறைவு, கழற்றித் தூக்கிக் கரைக்குக் கொண்டுவரலாம். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எரிபொருள் மிச்சம், புகை குறைவு, ஆனால் எடையும் விலையும் அதிகம். தினம் பல மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு எரிபொருள்தான் பெரிய செலவு. ஆகவே, அவர்களும் கடைசியில் மணிக்கணக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அங்கே விற்கும் படகு எஞ்சின் டூ-டி ஆயிலை வாங்கி வந்துவிடாதீர்கள். 'டிசி-டபிள்யூ3' என்று போட்டிருக்கும். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. நம் மெஷின்கள் காற்றால் குளிர்கிறவை, அதிகம் சூடாகும். டப்பாவில் 'ஜாசோ எஃப்சி' அல்லது 'எஃப்டி' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிராக்டருக்கு ஊற்றிய மீதி ஆயில், பழைய கருப்பு ஆயில் எதையும் கலக்கவே கூடாது.

கலக்கும் முறை

மெஷினோடு வரும் புத்தகத்தில் 25:1 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மி.லி. 50:1 என்றால் 20 மி.லி. ஐந்து லிட்டர் கேனுக்கு முறையே 200 மி.லி., 100 மி.லி. ஆயில் குறைந்தால் எஞ்சின் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 'கூடப் போனால் நல்லதுதானே' என்று தாராளமாக ஊற்றுகிறவர்களும் உண்டு. கூடினால் பிளக்கிலும் சைலன்ஸர் வாயிலும் கரி அடைத்து இழுவை போய்விடும். கேனில் பாதி பெட்ரோல், பிறகு முழு ஆயில், நன்றாகக் குலுக்கி, அப்புறம் மீதிப் பெட்ரோல். டேங்கிலேயே நேராக ஆயிலை ஊற்றிக் கலக்கக் கூடாது. கேனில் சிவப்புப் பெயிண்டில் 'ஆயில் கலந்தது' என்று எழுதிவையுங்கள். என் மெஷின் போன பிறகு நான் செய்தது, டேங்க் மூடியிலேயே ஒரு சிவப்புத் துணியைக் கட்டியதுதான்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கேனை மாதக்கணக்கில் வைத்திருந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து தங்கிவிடலாம். ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷின் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது? ஆயில் கலந்தும் எஞ்சின் பிடித்துவிட்டது என்று வருகிறவர்களிடம், எத்தனை நாள் பெட்ரோல் என்று நான் கேட்பது இதனால்தான். ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பருவம் முடிந்து மெஷினை வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு வையுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு அடுத்த பருவத்தில் கயிறு இழுத்தே தோள்பட்டை போய்விடும். இது இரண்டு வகை எஞ்சினுக்கும் பொருந்தும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். ஸ்டில் நிறுவனத்தின் '4-மிக்ஸ்' என்ற எஞ்சினில் வால்வு உண்டு, ஃபோர் ஸ்ட்ரோக் முறையில்தான் ஓடும். ஆனால், ஆயில் அறை கிடையாது. ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். 'ஃபோர் ஸ்ட்ரோக்தானே' என்று வெறும் பெட்ரோலை ஊற்றினால் அதுவும் பிடித்துவிடும். அதனால் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், 'இதுக்கு ஆயில் கலக்கோணுமா, வேண்டாமா?' என்று கடையில் நேராகவே கேட்டுவிடுங்கள்.

இரண்டும் வேண்டாத இடம்

காய்கறி, பருத்தி, மஞ்சளுக்கு மருந்தடிக்க மட்டும் என்றால், 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரே போதும். தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டுமே என்றால், அதற்கு முதுகில் மாட்டும் மெஷின் எட்டாது. தரையில் வைத்து நீண்ட ஹோஸோடு ஓட்டும் ஹெச்.டி.பி. பம்ப்தான் வேண்டும். அதற்கு ஃபோர் ஸ்ட்ரோக்.

பெட்ரோல் பம்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தூர்வாரும்போது தண்ணீர் இறைக்கப் பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. எந்த ஸ்ட்ரோக்காக இருந்தாலும் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாடையும் இல்லை, நிறமும் இல்லை. கிணற்றுக்குள் தேங்கினால் உள்ளே இருப்பவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுந்துவிடுவார். எஞ்சின் மேலேயே இருக்கட்டும். ஆழம் அதிகம் என்றால் கரண்ட் மோட்டாரை இறக்குங்கள்.

பிரஷ் கட்டர் ஓட்டும்போது கண்ணாடி, ஷூ, காதுக்குப் பஞ்சாவது வேண்டும். கல் தெறிக்கும்; 15 மீட்டருக்குள் குழந்தையோ மாடோ நிற்கவே கூடாது, இன்னும் தள்ளியே நிற்கட்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம். பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

கிணத்துக்கடவு சகோதரிக்கு

தோப்பை மட்டும் வருடத்தில் மூன்று முறை வெட்டினால், ஏக்கருக்கு ஆறு மணி நேரம் என்றாலும் 45 மணி நேரம்தான். அதற்கு 17,000 ரூபாய் கூடக் கொடுத்தால் திரும்பி வர எட்டரை வருடம் ஆகும். ஆனால், உங்களுக்குத் தீவனப்புல்லும் இருக்கிறது. தினம் கால் மணி நேரம் அதை வெட்டினாலே வருடத்துக்கு 90 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 135. இப்போது மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். பகலில் நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் என்று இரண்டு கை மாறப்போவதால், ஃபோர் ஸ்ட்ரோக்கையே வாங்குங்கள் என்பேன். தீவனத்தை அரிவாளால்தான் அறுப்பேன் என்றால் 11,000 ரூபாய் மெஷினும் ஒரு சிவப்புக் கேனும் போதும்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இரண்டு மெஷினையும் பெல்ட்டோடு தோளில் மாட்டி, கடை வாசலிலேயே பத்து நிமிடம் நின்று பாருங்கள், நீங்களே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். கடைப் பையன் இழுத்துக் காட்டுவது கணக்கில்லை. இரண்டாவது, உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ இந்த வருடம் எந்தெந்தக் கருவிக்கு மானியம் இருக்கிறது என்று கேளுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு உண்டு. முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் பில். பட்டியலில் உங்கள் பிரஷ் கட்டர் இருந்தால் 17,000 ரூபாய் வித்தியாசமும் சுருங்கிவிடும். மேலே போட்ட கணக்கைப் புது விலையில் ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள்.